அம்மாவுக்குத் தைரியம் சொல்வதற்கு முன்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: 61 வயது அம்மாவுக்கு இரைப்பையில் புற்றுநோய், கல்லீரலுக்குப் பரவி நான்காம் நிலை. அவரிடம் "வயித்துல புண்ணு" என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். இரண்டு கீமோ முடிந்தபின் பத்து நாளாக யாரிடமும் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். ராத்திரி தூக்கமில்லை, சாப்பாட்டைத் தள்ளுகிறார். உண்மையைச் சொல்லவே கூடாது என்று அப்பாவும் அண்ணனும் நிற்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு உடனிருக்கும் நீங்கள் அம்மாவிடமே எரிந்து விழுகிறீர்கள், பிறகு குளியலறைக்குள் போய் அழுகிறீர்கள். "அம்மாவுக்கு எப்படித் தைரியம் கொடுப்பது, கவுன்சலிங் கூட்டிப் போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இதற்குள் மூன்று கேள்விகள் தெரிகின்றன. அம்மா பேசாமல் கிடப்பது மனசாலா உடம்பாலா? அவரிடம் மறைத்து வைத்திருப்பதை என்ன செய்வது? நீங்கள் இப்படியே எத்தனை நாள் தாங்குவீர்கள்? தைரியம் சொல்வது இந்த மூன்றுக்கும் பிறகு வர வேண்டியது. அம்மாவை நேரில் பார்க்காததால் மருந்தின் அளவு எதையும் சொல்லமாட்டேன். டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் உடம்பு. நோயாளியின் பேச்சு குறைந்ததும் வீட்டில் "மனசு விட்டுட்டாங்க" என்று முடிவுகட்டிவிடுவார்கள். பல நேரம் அங்கே இருப்பது சரியாக அடங்காத வலி. கல்லீரலுக்குப் பரவியவர்களுக்கு வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுக்கும், சிலருக்கு முதுகுவரை போகும். அம்மா சுவர்ப்பக்கமே திரும்பிப் படுப்பது, அப்படிப் படுத்தால்தான் வலி கொஞ்சம் அடங்குகிறது என்பதற்காகவும் இருக்கலாம். "வலிக்குதாம்மா?" என்று கேட்டால் "அதெல்லாம் இல்ல" என்றுதான் சொல்வார். அப்படிக் கேட்காமல், "தாங்கவே முடியாத வலி ஒரு ரூபாய்னா இப்ப எத்தனை பைசா இருக்கு?" என்று கேளுங்கள். "நேத்து ராத்திரி வலியில எத்தனை தடவ முழிச்ச?" என்று கேளுங்கள். ஐம்பது பைசாவுக்கு மேல் சொன்னால் அவர் சாப்பிடும் வலி மாத்திரை போதவில்லை. அப்போது மார்பின் என்னும் வலுவான வலி மருந்தைப் பற்றி டாக்டரிடம் பேச வேண்டும். மார்பின் என்றாலே கடைசி கட்டம், பழகிவிட்டால் விட முடியாது என்று பயப்படுகிறார்கள். புற்றுநோய் வலிக்கு டாக்டர் கண்காணிப்பில் கொடுக்கும்போது அடிமையாவது அரிது. சரியான அளவில் கொடுத்தால் அது உயிரைக் குறைப்பதும் இல்லை. முதல் இரண்டு மூன்று நாள் மயக்கம் போலவும் குமட்டலாகவும் இருக்கும், பிறகு குறையும். மலச்சிக்கல் மட்டும் தானாகப் போகாது. அதனால் மார்பின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். பெரும்பாலும் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதித் தருவார்கள். நடுராத்திரி எழுப்ப வேண்டியிராதபடி இரவு 10 மணிக்கு இரட்டை அளவு தருவதும் வழக்கம். "வலிச்சா மட்டும் குடுப்போம்" என்று வீட்டில் மாற்றிக்கொள்வதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. வலி ஏறியபின் மாத்திரை கொடுத்தால் அது துரத்திக்கொண்டே இருக்கும், பிடிக்காது.

அடுத்தது மாத்திரைச் சீட்டு. கீமோவை ஒட்டிக் குமட்டலுக்கும் பசிக்கும் டெக்ஸாமெத்தசோன் கொடுப்பார்கள். அதைச் சாயங்காலமோ இரவோ கொடுத்தால் விடியவிடிய விழித்திருப்பார்கள். பலருக்கு எரிச்சலும் படபடப்பும் வரும், நிறுத்தும்போது சோர்வும் மனத்தளர்வும் வரும். காலையிலேயே கொடுத்து முடிக்க முடியுமா என்று கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு, பெரினார்ம் என்ற பெயரிலும் கிடைப்பது, சிலருக்குக் கால் ஓரிடத்தில் நிற்காத தவிப்பைக் கொடுக்கும். உட்கார்ந்தால் எழ வேண்டும், எழுந்தால் உட்கார வேண்டும். வீட்டில் இதைப் பயம் என்று நினைத்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பார்கள். மருந்தை மாற்றினால் ஓரிரு நாளில் அடங்கிவிடும்.

பத்து நாள் மௌனத்தில் டாக்டர்கள் தேட வேண்டிய இன்னொன்று, டெலிரியம் என்னும் மூளைக்குழப்பம். குழப்பம் என்றதும் பிதற்றுவது, டிரிப்ஸைப் பிடுங்குவது என்றுதான் நினைக்கிறோம். அமைதியான வகை ஒன்றும் உண்டு. நோயாளி அசையாமல் கிடப்பார், கேட்டால் தாமதமாகப் பதில் வரும், பார்ப்பவர்கள் மனச்சோர்வு என்றே எடுத்துக்கொள்வார்கள். வித்தியாசம் என்னவென்றால், குழப்பம் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வரும், ஒரே நாளில் ஏறி இறங்கும், சாயங்காலமானால் கூடும். வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். பங்குனியிலிருந்து பின்னோக்கி மாதங்களைச் சொல்லச் சொல்லுங்கள், அல்லது சனிக்கிழமையிலிருந்து பின்னோக்கிக் கிழமைகளை. முன்பு எளிதாகச் சொல்லக்கூடியவர் மாசியிலேயே நின்றுபோனால், அல்லது என்ன கேட்டோம் என்பதையே மறந்தால், மறுநாள்வரை வைத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்று, அடைத்துக்கொண்ட சிறுநீர், நாட்பட்ட மலச்சிக்கல், ரத்தத்தில் சோடியம் குறைவது, கால்சியம் கூடுவது, புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று திருத்தக்கூடிய காரணங்கள் பல உண்டு. அதுவரை பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டி விடுங்கள், பழகிய ஆளே பக்கத்தில் இருக்கட்டும். கீமோ எடுக்கிறவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, மலம் தார் போலக் கறுத்தாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ நேராக மருத்துவமனைதான்.

இவையெல்லாம் இல்லை என்றான பிறகே மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். சாதாரண ஆட்களுக்குப் பசியின்மை, தூக்கமின்மை, அசதி எல்லாம் மனச்சோர்வின் அடையாளங்கள். உங்கள் அம்மாவுக்கு இந்த மூன்றையும் நோயே கொடுத்துவிடும், அவற்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பேரன் பள்ளியிலிருந்து வந்து கட்டிலில் ஏறி உட்காரும்போது முகத்தில் ஏதாவது மாறுகிறதா? துயரத்தில் இருப்பவர் அந்த ஒரு நிமிடம் மலர்வார், பிறகு மறுபடி வாடுவார். மனச்சோர்வு நோயாக முற்றியவர் அதற்கும் மலரமாட்டார். "நான் எல்லாருக்கும் பாரம்", "நான் செஞ்ச பாவம்" என்று திரும்பத்திரும்பச் சொல்வதும் முக்கியமான அறிகுறி. பிடித்தது எதிலும் நாட்டமில்லாமையோ மனம் இருண்டு கிடப்பதோ இரண்டு வாரத்துக்குப் பெரும்பாலான நாட்களில் இருந்தால் மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்யப் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும், அதனால் தாமதிப்பதில் நஷ்டம் உண்டு. "செத்துட்டா தேவல" என்று அவர் சொன்னால் "அப்படியெல்லாம் பேசாத" என்று வாயை மூடாதீர்கள். "உயிரை விட்டுடணும்னு தோணுதாம்மா? எப்படின்னு யோசிச்சியா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது, இது பல ஆய்வுகளில் உறுதியானது. எப்படி என்று யோசித்திருக்கிறார் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள், மாத்திரைகள் எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி மறைத்து வைத்திருப்பது. அப்பாவும் அண்ணனும் பாசத்தில்தான் மறைக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கீமோ வார்டில் அந்த ரகசியம் எத்தனை நாள் நிற்கும் என்று யோசியுங்கள். பக்கத்து நாற்காலியில் டிரிப்ஸோடு உட்கார்ந்திருப்பவர், "உங்களுக்கு எங்கம்மா கட்டி?" என்று சகஜமாகக் கேட்பார். முடி கொட்டுகிறது. புண்ணுக்கு இப்படி மருந்து ஏற்றுவார்களா என்று அம்மாவுக்குத் தோன்றாமல் இருக்காது. அவருக்குத் தெரியும், தெரியும் என்று சொன்னால் நீங்கள் உடைந்துவிடுவீர்கள் என்று அவரும் மறைக்கிறார் என்பதே பெரும்பாலான வீடுகளின் நிலை. பார்னி கிளேசர், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் இதை 1965லேயே விவரித்திருக்கிறார்கள்: இரு தரப்புக்கும் தெரியும், இரு தரப்பும் தெரியாததுபோல் நடிக்கும். அந்த நடிப்பு நடக்கும் வீட்டில் பேசுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. அம்மாவின் மௌனத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அவர் குலதெய்வக் கோயிலுக்குப் போக நினைத்திருக்கலாம், நகையை யாருக்குக் கொடுப்பது என்று சொல்ல நினைத்திருக்கலாம், அடுத்த கீமோ வேண்டாம் என்றுகூட நினைத்திருக்கலாம். "வெறும் புண்ணு" என்று சொன்ன வீட்டில் இதையெல்லாம் எப்படிப் பேச்செடுப்பார்?

அதற்காக நாளைக்கே போய்ப் போட்டு உடைக்காதீர்கள். நோய் தெரியவந்த முதல் வாரங்களில் தற்கொலை அபாயம் கூடுகிறது என்பதை ஸ்வீடன் நாட்டுப் பதிவேடுகளைக் கொண்டு 2012இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. எண்ணிக்கையில் அது மிகச் சிலருக்கே நேர்வது என்றாலும், சொல்லிவிட்டுத் தனியே விடக்கூடாது என்பதற்கு அது போதும். தெரிந்துகொள்ள விரும்பாதவர்களும் உண்டு, அதுவும் அவர்கள் உரிமை. ஆகவே சொல்வதா வேண்டாமா என்று நீங்கள் மூவரும் கூடி முடிவெடுக்கத் தேவையில்லை. அம்மாவிடம் கேட்டால் அவரே வழிகாட்டுவார்.

கேட்பதற்கு நேரம் பாருங்கள். வலி மாத்திரை வேலை செய்யத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆன காலை வேளை நல்லது, இரவு வேண்டாம். டிவியையும் போனையும் அணைத்துவிட்டு, நின்றுகொண்டு பேசாமல், அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். "உன் உடம்புக்கு என்னன்னு நீ என்னம்மா நினைக்கிற?" என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். "அல்சர்னுதான் சொன்னாங்க" என்று பதில் வரலாம். அந்தச் "சொன்னாங்க"வில் அழுத்தம் விழுகிறதா என்று கவனியுங்கள். அழுத்தம் இருந்தால் "நீ வேற ஏதாச்சும் நினைக்கிறியா?" என்று கேளுங்கள். "அப்பாவைக் கேளு, எனக்கு எதுவும் தெரிய வேணாம்" என்றால், "சரிம்மா, எப்ப கேக்கணும்னு தோணுதோ அப்ப எங்கிட்ட கேளு" என்று சொல்லி விட்டுவிடுங்கள், கதவு திறந்தே இருக்கட்டும். தெரிய வேண்டும் என்றால் படிப்படியாகப் போங்கள். "நாம நினைச்ச மாதிரி சாதாரணப் புண்ணு இல்லம்மா" என்பது முதல் படி. மனதுக்குள் இருபது எண்ணும்வரை காத்திருங்கள். அவர் கேட்டால் "கட்டி". மறுபடி கேட்டால் "ஆமாம்மா, கேன்சர்தான்". அவர் நிறுத்தும் இடத்தில் நீங்களும் நிறுத்துங்கள், மிச்சம் இன்னொரு நாளைக்கு. அழுதால் "அழாதம்மா" என்று சொல்லாமல் கையைப் பிடித்துக்கொண்டிருங்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் "ஒண்ணும் ஆகாது, சரியாயிடும்" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடுகிறோம், அதோடு அவர் பேச்சு நின்றுவிடுகிறது. "நான் பொழைப்பேனா?" என்பதற்குத் தயாராக ஒரு பதில் வைத்திருங்கள்: "நோயை முழுசா எடுக்க முடியாதுங்கறாங்கம்மா. வலி இல்லாம வச்சுக்க முடியும்னு சொல்றாங்க. நான் கூடவே இருப்பேன்." எத்தனை மாதம் என்று நீங்கள் கணக்குச் சொல்லாதீர்கள். டாக்டர்களின் கணிப்பே பெரும்பாலும் உண்மையைவிடக் கூடுதலாகத்தான் இருக்கிறது. சொன்ன அன்றிரவும் அடுத்த சில நாட்களும் அழுகை, கோபம், தூக்கமின்மை கூடலாம். பலருக்கு இரண்டு வாரத்துக்குள் அது ஓரளவு அமரும். அந்த நாட்களில் யாராவது ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

அப்பாவிடம் வாதாடாதீர்கள். "நீங்க அம்மாவைக் காப்பாத்தத்தான் இப்படிச் செய்றீங்கன்னு எனக்குத் தெரியும்ப்பா" என்று ஆரம்பியுங்கள். "சொன்னா என்ன ஆயிடும்னு பயப்படுறீங்க?" என்று கேட்டு, குறுக்கே பேசாமல் முழுதும் கேளுங்கள். "இத்தனை மாசம் மறைச்சு வச்சிருக்கறது உங்களுக்கு எப்படிப்பா இருக்கு?" என்பது அடுத்த கேள்வி. நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவரிடம் பொய் சொல்வது அவரையும் அரிக்கிறது, யாரும் கேட்காததால் அவர் சொல்லவில்லை. பிறகு ஒரு உடன்பாட்டுக்கு வாருங்கள்: "நாங்களா எதையும் சொல்ல மாட்டோம். அம்மாவுக்கு என்ன தெரியும்னு மட்டும் கேப்போம். அவங்க தெரிய வேணாம்னா அதோட விட்டுடுவோம்." இதற்குச் சம்மதிக்காத அப்பாக்கள் குறைவு. தயங்கினால் டாக்டர் முன்னிலையில் இதையே பேசுங்கள்.

சாப்பாட்டுச் சண்டையைப் பற்றி இரண்டு வார்த்தை. இரைப்பையில் கட்டி இருப்பவருக்கு மூன்று கரண்டியிலேயே வயிறு நிறைந்துவிடும், நோயும் பசியை அறுத்துவிடும். வற்புறுத்தி ஊட்டினால் எதுக்களிப்பும் வாந்தியும்தான் மிச்சம். நாளைக்கு ஆறேழு முறை, சின்னக் கிண்ணத்தில் மூன்று நான்கு ஸ்பூன், அவர் கேட்கும் ருசியில் கொடுங்கள். நாக்கில் வெள்ளை படிந்திருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், மருந்து உண்டு. அவர் "வேணாம்" என்று சொன்னால் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள்.

பேரனுக்கும் யாராவது சொல்ல வேண்டும். ஏழு வயதுக்கு மூன்று விஷயம் போதும்: பாட்டிக்கு வந்திருப்பது தொட்டால் ஒட்டாது, அவன் செய்த எதனாலும் வரவில்லை, அவனைப் பார்த்துக்கொள்ள நீங்கள் இருக்கிறீர்கள்.

இப்போது நீங்கள். எரிந்து விழுவதை உங்கள் குணக்கேடாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது பெரும்பாலும் தூக்கக் கணக்கு. ராத்திரி ஐந்து முறை எழுந்தால், மொத்தம் ஏழு மணி நேரம் படுத்திருந்தாலும் உடம்புக்கு அது தூக்கமாகச் சேராது. உடையாமல் நான்கைந்து மணி நேரம் வேண்டும். அப்பாவோடு இரவைப் பிரியுங்கள்: 10 முதல் 3 வரை ஒருவர், 3க்குப் பிறகு மற்றவர், தூங்குகிறவர் வேறு அறையில். "ஏதாச்சும் உதவி வேணும்னா சொல்லு" என்கிற அண்ணனுக்குக் குறிப்பான வேலை கொடுங்கள். "சனிக்கிழமை காலை 8லிருந்து மதியம் 2 வரைக்கும் நீ அம்மாகிட்ட இரு" என்றால் ஆள் வருவார். வெளியூரில் இருந்தால் காப்பீட்டுக் கடிதங்கள், மருந்து வாங்குவது, உறவினர் போன்கள் எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு நோட்டு போட்டு நேரம், வலி எத்தனை பைசா, மருந்து, மலம், தூக்கம் என்று ஐந்து கட்டம் எழுதி வையுங்கள். யார் மாத்திரை கொடுத்தது என்ற சண்டையும் அதோடு ஒழியும், டாக்டருக்கும் அதுதான் வேண்டும். பார்க்க வருகிறவர்களுக்குப் பத்து நிமிடம், அதை வாசலிலேயே அப்பா சொல்லட்டும். "இது சீக்கிரம் முடிஞ்சா தேவல" என்று உங்களுக்கும் ஒரு நாள் தோன்றலாம். நெடுநாள் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் மிகப் பலருக்கும் தோன்றுவது அது. அம்மா மேல் பாசம் குறைந்துவிட்டதற்கு அது அடையாளம் ஆகாது. ஆனால் அம்மாவின் தூக்க மாத்திரையை நீங்கள் போட்டுக்கொள்ளத் தொடங்கினால், கை ஓங்கத் தோன்றினால், இரண்டு வாரமாக எதிலும் ஒட்டுதல் இல்லையென்றால், உங்களுக்கும் மருத்துவர் தேவை. அரசின் மனநல உதவி சேவையான டெலிமானஸின் 14416 எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

"பாசிட்டிவா இருந்தா கேன்சரை ஜெயிக்கலாம்" என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். இதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 86 பெண்களிடம் அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல் நடத்தி 1989இல் வெளியிட்ட ஆய்வு, குழுவாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்றது. கனடாவில் 235 பெண்களிடம் செய்து 2001இல் வெளியான ஆய்வில் ஆயுள் நீளவில்லை. ஸ்பீகலே மறுபடி செய்து 2007இல் வெளியிட்டபோதும் மொத்தத்தில் நீளவில்லை. ஆனால் கனடா ஆய்வில் மனத்தவிப்பும் வலியை உணரும் அளவும் குறைந்தன. ஆகவே மனசு லேசாவது நிஜம், அதனால் கட்டி கரைவது நிஜமில்லை. அம்மா சோர்ந்துபோனதால்தான் நோய் ஏறியது என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள், நோயாளியின் தலையில் ஏற்றக்கூடாத பழி அது.

பேலியேட்டிவ் கேர் என்று மருத்துவமனைகளில் சொல்லும் வலி நிவாரண ஆதரவு சிகிச்சை இந்த எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் பிரிவு. கீமோ நடக்கும்போதே அங்கே போகலாம். அமெரிக்காவின் பாஸ்டனில் நுரையீரல் புற்றுநோய் முற்றிய 151 பேரிடம் செய்து 2010இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலிருந்தே இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் மனச்சோர்வு அறிகுறிகள் 16 சதவீதம், பெறாதவர்களில் 38 சதவீதம். அவர்கள் ஆயுளும் சற்று நீண்டது, ஆனால் பின்னால் வந்த எல்லா ஆய்விலும் அது திரும்ப வரவில்லை. வாழும் நாட்கள் சுமாராக இல்லாமல் நன்றாக இருப்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் ஆதரவு சிகிச்சையும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிந்து வையுங்கள், சுகாதார உதவி எண் 104க்கு அழைத்தும் விசாரிக்கலாம்.

கவுன்சலிங் போகலாம், ஆனால் முதல் தடவை அம்மாவை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். வலி அடங்காதவரை யார் பேசினாலும் அவர் காதில் ஏறாது. நீங்களும் அப்பாவும் நோட்டையும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு ஆதரவு சிகிச்சை டாக்டரிடம் பதினைந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். அம்மாவுக்குத் தெரியாமல் போகிறோமே என்று உறுத்தும். திரும்பி வந்ததும், "டாக்டரைப் பாத்துட்டு வந்தோம்மா, உன் வலியைப் பத்தியும் தூக்கத்தைப் பத்தியும் கேட்டோம். உனக்கு அவரை ஏதாச்சும் கேக்கணுமா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கட்டிலிலேயே உட்கார்ந்திருங்கள்.